பேராசிரியர் வால்தர் நெர்ன்ஸ்ட்

மோட்டார் வண்டியின் ஓசை கேளாத கிராமம் இன்று நம் நாட்டில் அரிது. வண்டியை ஓட்டுவோர் பலர். அதன் விலையையும் வேகத்தையும் பற்றிப் பேசுவோர் அவரினும் பலர். ஆனால் அவ்வண்டியின் புகைக்குழாயினுள், கொதிக்கும் புகையின் நடுவே, விரல் நுனியளவேயுள்ள ஒரு பீங்கான் குப்பி அமர்ந்து, வெளியேறும் புகையில் பிராணவாயு எவ்வளவு மிஞ்சியிருக்கிறதென்று ஓயாமல் கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை அறிந்தோர் சிலரே. அக்குப்பி சொல்லும் கணக்கைக் கொண்டே, அடுத்த கணத்தில் எஞ்சினுக்கு எத்துணைப் பெட்ரோல் ஊட்டவேண்டும் என்பதை வண்டியிலுள்ள சிறு கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. ஆக்ஸிஜன் ஸென்ஸார் என்றும் லாம்டா ஸென்ஸார் என்றும் மோட்டார்த் தொழிலாளர் அதனை அழைக்கின்றனர்.

இக்கருவி வண்டிகளில் ஏறியது 1976-ம் ஆண்டில். ஆனால் அது இயங்கும் நியதியை 1889-லும், அது செய்யப்பட்டிருக்கும் பொருளின் இயல்பை 1899-லும் கண்டு உலகுக்கு உரைத்தவர் ஒரே மனிதர். அவர் ஜெர்மனி தேசத்து ரஸாயன சாஸ்திரி வால்தர் நெர்ன்ஸ்ட் ஆவார். இக்கருவியை அவர் கண்ணால் கண்டதில்லை; 1941-லேயே காலமாகிவிட்டார். தாம் செய்து விற்ற பண்டம் சில ஆண்டுகளில் வழக்கொழிந்து போனதை அவர் கண்டார். அப்பண்டத்தின் உள்ளே மறைந்திருந்த உண்மை உலகெங்கும் பரவியதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவருடைய வரலாறு நாம் ஊன்றி அறியத்தக்கது.

இளமையும் கல்வியும்

நெர்ன்ஸ்ட் 1864-ம் ஆண்டு ஜூன் மாதம் 25-ந் தேதி, மேற்குப் பிரஷ்யாவில் பிரீஸன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டைச் சேர்ந்தது. தந்தையார் நீதிபதி உத்தியோகம் வகித்தவர். அக்காலத்து ஜெர்மன் மாணவர் வழக்கப்படி நெர்ன்ஸ்ட் ஒரே சர்வகலாசாலையில் தங்கிவிடாமல், ஜூரிச், பெர்லின், கிராஸ், உர்ஸ்பர்க் ஆகிய நகரங்களுக்குச் சென்று, அங்கங்கே சிறந்து விளங்கிய ஆசிரியர்களிடம் பாடம் கேட்டார். கிராஸ் நகரில் போல்ட்ஸ்மான் என்னும் மேதையின் நிழலில் இருந்தபோது, எட்டிங்ஸ்ஹாஸன் என்பவருடன் சேர்ந்து, காந்தத்தின் நடுவே வைக்கப்பட்ட உலோகத்தில் வெப்பம் பாயும்போது மின் அழுத்தம் தோன்றுகிறது என்பதைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 22. மறு வருஷம் உர்ஸ்பர்க்கில் கோல்ராஷ் என்ற பேராசிரியரிடம் டாக்டர் பட்டம் பெற்றார்.

உப்பு முதலியவை நீரில் கரையும்போது மின்னூட்டம் பெற்ற துகள்களாகப் பிரிகின்றன என்ற கொள்கையை அந்நாளில் ஸ்வீடன் தேசத்து இளைஞரான அரீனியஸ் வெளியிட்டிருந்தார். மூத்த பண்டிதர்களிற் பலர் அதை ஏற்கத் தயங்கினர். அத்துகள்களுக்கு அயான்கள் என்று பெயர். லைப்ஸிக் நகரில் ஆஸ்ட்வால்ட் என்னும் பேராசிரியர் இப்புதுக் கொள்கையை ஆதரித்து இளைஞர்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். நெர்ன்ஸ்டும் அவருடைய உதவியாசிரியராகச் சென்று சேர்ந்தார்.

1889-ன் நியதி

லைப்ஸிக்கில் அவர் எடுத்துக்கொண்ட வினா எளிய சொற்களில் அடங்குவது. மின்கலத்தில் மின்சாரம் ஏன் பிறக்கிறது? இவ்வளவு அழுத்தம்தான் பிறக்கவேண்டும் என்பதை எது தீர்மானிக்கிறது? வால்ட்டா முதல் மின்கலத்தைச் செய்து ஏறக்குறைய 90 ஆண்டுகள் ஆகியிருந்தும் இதற்குத் திட்டமான கணக்கு இருக்கவில்லை.

1889-ல் நெர்ன்ஸ்ட் அக்கணக்கைத் தந்தார். ஒரு பொருள் ஓரிடத்தில் அடர்த்தியாகவும் மற்றோரிடத்தில் அருகியும் இருந்தால், அடர்ந்த இடத்திலிருந்து அருகிய இடத்துக்குப் பாயவே முயலும். நடுவேயுள்ள வழியில் மின்னூட்டம் பெற்ற அயான்கள் மட்டுமே செல்லக்கூடுமானால், அம்முயற்சி மின் அழுத்தமாக வெளிப்படும். இரு பக்கத்து அளவுகளின் வித்தியாசம் இங்கே முக்கியமன்று. ஒன்று மற்றொன்றைப்போல் எத்தனை மடங்கு என்பதே முக்கியம். அளவு 10 மடங்கு மாறுந்தோறும் அழுத்தம் ஒரே படியாக ஏறும். வெப்பநிலை உயர்ந்தால் படியின் உயரம் கூடும். இதுவே நெர்ன்ஸ்ட் சமன்பாடு என்று இன்று பள்ளி மாணவரும் பயில்வது. நியதியைக் கண்டபோது அவருக்கு வயது 25.

விளக்கும் செல்வமும்

அடுத்து அவர் கோட்டிங்கன் சர்வகலாசாலைக்குச் சென்றார். 1893-ல் அவர் எழுதிய ரஸாயனத் தத்துவ நூல் ஒரு தலைமுறையினருக்கு ஆதார நூலாயிற்று. மறு வருஷம் மூனிச் சர்வகலாசாலை அவரை அழைக்கவே, அவரை விட்டுவிட மனமில்லாத பிரஷ்ய சர்க்கார், கோட்டிங்கனிலேயே அவருக்கெனப் பௌதிக ரஸாயனத்துக்கு ஒரு பீடம் அமைத்துக் கொடுத்தது.

அக்காலத்தில் எடிசனுடைய கரியிழை விளக்குகளே வழக்கில் இருந்தன. அவை மின்சாரத்தை மிகுதியாக உண்டு, மங்கிய ஒளியைத் தந்தன. நெர்ன்ஸ்ட் வேறு வழியில் சென்றார். ஜிர்கோனியா என்ற பொருளோடு இட்ரியா என்ற அருமண் பொருளை, நூற்றுக்கு 85-ம் 15-மாகக் கலந்து, சிறு குச்சியாகச் சுட்டெடுத்தார். குளிர்ந்த நிலையில் அக்குச்சி மின்சாரத்தைக் கடத்தாது. முதலில் சூடேற்றினால் கடத்தத் தொடங்கி, வெண்ணிறமாகப் பிரகாசிக்கும். காற்றில்லாத கண்ணாடிக் குமிழும் அதற்குத் தேவையில்லை. 1897-ல் இவ்விளக்கு உருவாயிற்று. ஜெர்மனியின் பெரிய மின்சாரக் கம்பெனியான ஏ.இ.ஜி. அதன் உரிமையைப் 10 லக்ஷம் மார்க்குக்கு வாங்கியது. அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் இவ்விளக்குகளைச் செய்வதற்கென்றே 1901-ல் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு கம்பெனியை நிறுவினார்.

ஆயினும் விளக்கு நெடுநாள் நிலைக்கவில்லை. ஏற்றினால் உடனே எரியாது, சூடேறும்வரை காத்திருக்கவேண்டும் என்பது பெருங்குறை. அதற்குள் உலோக இழை விளக்குகள் தோன்றின. டங்ஸ்டன் இழை வந்தபின் நெர்ன்ஸ்ட் விளக்கு கடைகளிலிருந்து மறைந்தது. வியாபாரக் கணக்கில் அது தோற்ற பண்டம்.

ஆனால் நெர்ன்ஸ்ட் அதை விற்றதோடு நிற்கவில்லை. அக்குச்சியில் மின்சாரம் எவ்வாறு பாய்கிறது என்று ஆராய்ந்தார். செம்புக் கம்பியில் பாய்வதுபோல் அன்று. வெந்த அக்கெட்டிப் பொருளின் ஊடே பிராணவாயுவின் அயான்களே நகர்ந்து மின்சாரத்தைச் சுமக்கின்றன என்று 1899-ல் வெளியிட்டார். கல்லைப்போன்ற திடப்பொருளினூடே வாயுவின் துகள்கள் வழி கண்டு செல்கின்றன என்பது அன்று வியப்புக்குரிய முடிவு. அதை எதற்குப் பயன்படுத்துவது என்று அப்போது எவரும் அறியார். அவரும் அறிந்திருக்க நியாயமில்லை.

மோட்டார் வண்டியில் ஆசை

விளக்கின் பணத்தைக் கொண்டு நெர்ன்ஸ்ட் மோட்டார் வண்டி வாங்கினார். கோட்டிங்கன் நகரத்தில் முதன்முதல் மோட்டார் வைத்திருந்தவர்களில் அவர் ஒருவர். 1905-ல் பெர்லின் சர்வகலாசாலை அவரை அழைத்தபோது, ரயிலேறாமல் குடும்பத்தாரை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு தாமே ஓட்டிச் சென்றார். அந்நாளைய வண்டிகளுக்கு மேடு ஏறுவது கடினம். மேடு வந்தால் எஞ்சினுக்கு நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவை ஊட்டி வலுவேற்றுவாராம் என்று அவரைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. அதன் சூட்சுமம் ரஸாயனம் அறிந்தார்க்கு விளங்கும். காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே பிராணவாயு. நைட்ரஸ் ஆக்ஸைடு சூட்டில் பிரியும்போது மூன்றில் ஒரு பங்கு பிராணவாயு கிடைக்கும். பிராணவாயு கூடினால் அதிகப் பெட்ரோலை எரிக்கலாம், வலுவும் கூடும்.

எஞ்சினின் உயிர்நிலை இவ்விகிதத்திலேதான் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமின்றி எரிய, ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று குறைந்தால் பெட்ரோல் அரைகுறையாய் எரிந்து, கரும்புகையும், கார்பன் மோனாக்ஸைடு என்ற நச்சு வாயுவும் வெளிவரும். பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் தடுமாறும், வலுக் குன்றும். கார்புரேட்டர் இருந்த காலத்தில் மெக்கானிக் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, எஞ்சினின் ஓசையைக் காதால் கேட்டும், பிளக்கைக் கழற்றிக் கருத்திருக்கிறதா வெளுத்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்தும் இவ்விகிதத்தைச் சரி செய்வது வழக்கம். கைதேர்ந்த தொழிலாளி செய்தது நன்றாகவே இருக்கும். ஆனால் வெயில் மாறினால், மலை ஏறினால், எஞ்சின் தேய்ந்தால் விகிதமும் மாறிவிடும். திருகு இருந்த இடத்திலேயே இருக்கும். எஞ்சினுக்குத் தன் பிழையைத் தானே அறியும் வகை அன்று இல்லை.

பெர்லினில்

பெர்லினுக்கு வந்த ஆண்டிலேயே, 1905 டிசம்பரில், நெர்ன்ஸ்ட் தம் வாழ்வின் பெரும் கண்டுபிடிப்பை வெளியிட்டார். வெப்பநிலை கீழ்வரம்பை நோக்கி இறங்க இறங்க, பொருள்களின் மாறுதல்களில் எண்ட்ரோபி என்னும் அளவின் வேறுபாடு மறைந்துவிடுகிறது என்பது அதன் சாரம். தெர்மோடைனமிக்ஸ் என்னும் வெப்ப சாஸ்திரத்தின் மூன்றாம் விதி என்று அது பின்னர் பெயர் பெற்றது. ஒரு ரஸாயனக் கிரியை எவ்வளவு தூரம் நடக்கும் என்பதை, அதைச் செய்து பாராமலே, வெப்பக் கணக்குகளைக் கொண்டு முன்கூட்டிச் சொல்ல அது வழி திறந்தது. இத்துறைப் பணிக்காகவே 1920-ம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது.

இவ்விதி தொடர்பான ஒரு சம்பவம் குறிப்பிடத்தக்கது. காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா செய்ய முயன்ற ஹேபர் என்ற பண்டிதர் வெளியிட்டிருந்த எண்கள் தம் கணக்கோடு பொருந்தாமையைக் கண்ட நெர்ன்ஸ்ட், 1907-ல் ஹாம்பர்க் நகரில் நடந்த பண்டிதர் கூட்டத்தில் அதைப் பகிரங்கமாக எடுத்துக் கூறினார். ஹேபருக்கு அது பெரும் வருத்தம் தந்தது. ஆனால் அவர் மீண்டும் அளந்து, எண்களைத் திருத்தி, உயர்ந்த அழுத்தத்தில் முயன்று, 1909-ல் வெற்றி கண்டார். பல நாடுகளின் வயல்களுக்கு உரமளிக்கும் தொழில் இவ்வாறு பிறந்தது. பிழையை எடுத்துக் காட்டியவரும், காட்டிய பிழையைத் திருத்திக்கொண்டவரும் இருந்தமையால் அது கைகூடிற்று.

பிறருடைய பெருமையை அறிவதிலும் நெர்ன்ஸ்ட் முந்தியவர். குளிரில் பொருள்களின் வெப்பக் கொள்ளளவு எவ்வாறு குறையும் என்று ஐன்ஸ்டைன் 1907-ல் கூறியிருந்ததைத் தம் சோதனைச்சாலையில் அளந்து பார்த்து, அது மெய்யென்று கண்டதும், அவரை நேரிற் காண 1910-ல் ஜூரிச்சுக்குச் சென்றார். 1911-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில், ஸால்வே என்ற தொழிலதிபரின் உதவியோடு ஐரோப்பாவின் பெரும் விஞ்ஞானிகள் கூடிய முதல் மகாநாட்டைக் கூட்டுவித்ததில் அவருக்கே பெரும் பங்குண்டு. 1913-ல் பிளாங்குடன் சேர்ந்து சென்று ஐன்ஸ்டைனைப் பெர்லினுக்கு வரச் சம்மதிக்கச் செய்தவரும் அவரே.

யுத்தத்தின் விலை

1914-ல் முதல் மகாயுத்தம் மூண்டது. தம் தேசம் குற்றமற்றது என்று வாதாடி ஜெர்மன் அறிஞர் 93 பேர் வெளியிட்ட அறிக்கையில் நெர்ன்ஸ்டும் கையெழுத்திட்டார். 50 வயதில் தம் மோட்டாருடன் தொண்டராகப் போர்முனைக்குச் சென்றார். பின்னர், எரிச்சலூட்டும் பொருள்களை அடைத்த பீரங்கிக் குண்டுகளைச் செய்யும் முயற்சியிலும் பங்குகொண்டார். இதை மறைத்து அவர் புகழைப் பாடுவது நியாயமாகாது. எண்களிற் சிறு பிழையையும் பொறாத அறிவு, தன் நாட்டின் அதிகாரிகள் சொன்னதைச் சோதித்துப் பாராமல் ஏற்றுக்கொண்டது. அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. அவருடைய புதல்வர் இருவரும் அந்த யுத்தத்திலேயே மாண்டனர்.

யுத்தத்துக்குப் பின் அவருடைய சோதனைச்சாலையில் இந்தியர் ஒருவரும் பணி செய்தார். அவர்தாம் மேகநாத சாஹா. நட்சத்திரங்களின் கடும் வெப்பத்தில் அணுக்கள் எவ்வளவு தூரம் மின்னூட்டம் பெற்றுப் பிரிகின்றன என்ற கணக்கைக் கல்கத்தாவிலிருந்தபோதே அவர் வகுத்திருந்தார். நெர்ன்ஸ்டின் மாணவரான எக்கர்ட் 1919-ல் எழுதிய கட்டுரையே அதற்குத் தூண்டுகோல். நெர்ன்ஸ்டின் வெப்பக் கணக்கு முறையே அதற்குக் கருவி. தம் கொள்கையைச் சோதித்துப் பார்க்கும் பொருட்டுச் சாஹா 1921-ல் பெர்லினில் நெர்ன்ஸ்டிடம் சென்று சேர்ந்தார். வங்காளத்துக் கிராமத்தில் எளிய குடும்பத்திற் பிறந்த ஓர் இளைஞர், ஜெர்மன் நியதியைக் கொண்டு சூரியனையும் நட்சத்திரங்களையும் அளந்தார் என்பது, உண்மைக்குத் தேச எல்லை இல்லை என்பதற்குச் சான்று.

இறுதிக்காலம்

நெர்ன்ஸ்ட் பெர்லின் சர்வகலாசாலையின் தலைவராகவும், 1922 முதல் 1924 வரை ஜெர்மனியின் அரசாங்க அளவை நிலையத்தின் தலைவராகவும் இருந்தார். பிறகு பெர்லினில் பௌதிகப் பேராசிரியராகப் பணி செய்தார். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். நெர்ன்ஸ்டின் மூன்று புதல்வியரில் இருவர் யூதர்களை மணந்தவர்கள். அவர்கள் தாய்நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர் சிரமப்பட்டு அழைத்து வந்த ஐன்ஸ்டைனும் ஜெர்மனிக்குத் திரும்பவில்லை. புதிய ஆட்சியாரின் தயவை நாடாத நெர்ன்ஸ்ட், அவ்வாண்டிலேயே உத்தியோகத்தினின்று விலகி, ஸிபெல்லே என்ற இடத்திலிருந்த தம் பண்ணைக்குச் சென்றுவிட்டார். அங்கே குளத்தில் மீன் வளர்த்தார். மாடு வளர்த்தால் தீனியில் ஒரு பகுதி அதன் உடலைச் சூடாக வைத்திருப்பதற்கே செலவாகும். மீனோ நீரின் வெப்பத்திலேயே வாழ்வது, ஆகையால் வீண் செலவில்லை என்று வேடிக்கையாகச் சொல்வாராம். முதுமையிலும் அவருடைய மனம் கணக்கை விடவில்லை.

1941 நவம்பர் 18-ந் தேதி, இரண்டாம் மகாயுத்தத்தின் நடுவே, அவர் உயிர் நீத்தார். அமெரிக்காவில் தஞ்சம் புகுந்திருந்த ஐன்ஸ்டைன் மறு வருஷம் அவரைக் குறித்து அன்பும் மதிப்பும் நிறைந்த நினைவுக் கட்டுரை ஒன்றை எழுதினார்.

மறைந்த விளக்கின் மறுபிறப்பு

நெர்ன்ஸ்ட் மறைந்த இரண்டாம் ஆண்டில், 1943-ல், கார்ல் வாக்னர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி அந்தப் பழைய விளக்குக் குச்சியை மீண்டும் எடுத்து ஆராய்ந்தார். இட்ரியா கலந்ததனால் ஜிர்கோனியாவின் அணு வரிசையில் பிராணவாயு இருக்கவேண்டிய சில இடங்கள் காலியாகின்றன. அக்காலி இடங்களின் வழியே அயான்கள் தாவிச் செல்கின்றன என்று விளக்கினார். 1961-ல், பிட்ஸ்பர்க் நகரத்து வெஸ்டிங்ஹவுஸ் சோதனைச்சாலையைச் சேர்ந்த இருவர், அதே வகைப் பொருளைக் கொண்டு வாயுவிலுள்ள பிராணவாயுவை அளக்கும் கருவியைச் செய்து காட்டினர். அறுபதாண்டுகளுக்கு முன் அதே நகரத்தில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவிய கம்பெனி விளக்காக விற்றுக் கைவிட்ட பொருள், இப்போது அளவைக் கருவியாகத் திரும்பி வந்தது.

அதற்குள் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் முதலிய நகரங்களில் மோட்டார்ப் புகை மக்களின் கண்ணையும் மூச்சையும் வருத்தத் தொடங்கியிருந்தது. 1970-ல் அமெரிக்க சர்க்கார் கடுமையான சட்டம் செய்தனர். புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்ஸைடுகள் ஆகிய மூன்றையும் ஒருங்கே போக்கப் பிளாட்டினம், ரோடியம் முதலிய அரிய உலோகங்களைக் கொண்ட கேட்டலிடிக் கன்வர்ட்டர் தோன்றிற்று. ஆனால் முதல் இரண்டையும் எரிக்கப் பிராணவாயு வேண்டும்; மூன்றாவதிலிருந்து பிராணவாயுவைப் பறிக்கவேண்டும். காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் இருந்தாலன்றி இரண்டும் ஒருங்கே நடவா. நூற்றில் ஒரு பங்கு பிசகினாலும் பயன் குறைந்துவிடும். காதால் கேட்டுத் திருகைத் திருப்பும் முறை இதற்குப் போதாது.

இங்கேதான் நெர்ன்ஸ்டின் இரண்டு உண்மைகளும் ஒன்று சேர்ந்தன. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி, இட்ரியா கலந்த ஜிர்கோனியாவை ஒரு சிறு குப்பியாக்கி, உள்ளும் புறமும் மெல்லிய பிளாட்டினம் பூசிற்று. குப்பியின் உட்புறத்தில் வெளிக்காற்று. வெளிப்புறத்தில் எஞ்சினின் புகை. ஏறக்குறைய 300 டிகிரி சூடேறியதும் பிராணவாயு அயான்கள் குப்பிச் சுவரினூடே நகரத் தலைப்படுகின்றன. இருபுறத்துப் பிராணவாயுவும் எத்தனை மடங்கு வேறுபடுகிறதோ அதற்கேற்ற மின் அழுத்தம் 1889-ன் நியதிப்படியே பிறக்கிறது. 600 டிகிரி வெப்பத்தில், புகையிலுள்ள பிராணவாயு பத்தில் ஒன்றாகக் குறையுந்தோறும் சுமார் 0.043 வோல்ட் ஏறும். காற்று மிகுந்த கலவையாயின் புகையில் பிராணவாயு மிஞ்சும், அழுத்தம் 0.1 வோல்ட் அளவிலேயே நிற்கும். பெட்ரோல் சிறிது மிகுந்தாலோ, பிளாட்டினத்தின்மேல் மிச்சப் பிராணவாயு முழுதும் எரிந்து தீர்ந்துவிடும். அதன் அளவு கோடானுகோடி மடங்கு வீழும். அழுத்தம் ஒரே தாவலில் 0.8, 0.9 வோல்ட்டுக்கு ஏறும். அத்தாவல் நிகழும் இடமே சரியான விகிதம்.

கம்ப்யூட்டர் இத்தாவலையே கவனிக்கிறது. அழுத்தம் தாழ்ந்தால் பெட்ரோலைச் சிறிது கூட்டுகிறது. உயர்ந்தால் சிறிது குறைக்கிறது. இவ்வாறு இருபுறமும் சாய்ந்து சாய்ந்து, நடுவழியை விடாமல் காக்கிறது. ஒரே பக்கத்தில் நெடுநேரம் திருத்த நேர்ந்தால், அத்திருத்தத்தை நினைவிலும் வைத்துக்கொள்கிறது. 1976-ல் பாஷ் கம்பெனி இக்கருவியின் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்வீடன் தேசத்து வோல்வோ வண்டிகள் அதைத் தாங்கிக் கலிபோர்னியாவுக்குச் சென்றன. ஈயம் கலந்த பெட்ரோல் குப்பியையும் கன்வர்ட்டரையும் கெடுத்துவிடுமாதலால், ஈயத்தையும் நீக்கவேண்டியதாயிற்று. நம் நாட்டில் 1995 ஏப்ரல் முதல் டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமாக்கப்பட்டது. 2000-ல் ஈயப் பெட்ரோல் நாடெங்கும் நின்றது. 2020 ஏப்ரலில் பாரத் ஆறாம் நிலை விதிகள் அமலுக்கு வந்தபின், மோட்டார் சைக்கிள்கள் பலவற்றிலும் கார்புரேட்டர் போய் இக்குப்பி வந்து சேர்ந்தது.

கருவி கற்பிக்கும் பாடம்

இக்கருவிக்கும் ஏமாற்றம் உண்டு. அது பெட்ரோலைப் பார்ப்பதில்லை. மிஞ்சிய பிராணவாயுவை மட்டுமே பார்க்கிறது. புகைக்குழாயில் குப்பிக்கு முன்னே வெடிப்பிருந்து வெளிக்காற்று புகுந்தால், எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று அது தவறாகச் சொல்லும்; கம்ப்யூட்டரும் நம்பிப் பெட்ரோலைக் கொட்டும். பிளக் பொறி விடாமல் ஒரு சிலிண்டர் எரியாது போனாலும் அதே பிழை நேரும். குப்பி குளிர்ந்திருக்கும்போது அதன் சொல்லுக்கு மதிப்பே இல்லை. ஆகையால் கருவி சொல்வதைக் கேட்பதோடு, அது எதைக் கண்டு அப்படிச் சொல்கிறது என்றும் அறிந்தவனே நல்ல மெக்கானிக். கருவியை மாற்ற மட்டும் தெரிந்தவன் கையில் அகப்பட்ட வண்டிக்காரன் வீண் செலவு செய்வான்.

மற்றொன்றும் கருதத்தக்கது. குப்பியின் ஒரு புறத்தில் எப்போதும் வெளியுலகத்தின் தூய காற்று இருக்கவேண்டும். அதனோடு ஒப்பிட்டுத்தான் புகையின் குற்றம் வெளியாகிறது. அக்காற்று வரும் வழியை அடைத்துவிட்டாலோ, அக்காற்றில் புகை கலந்துவிட்டாலோ, கருவி பொய் சொல்லும். நாடுகளின் விஷயமும் இதுவே. 1914-ல் ஜெர்மன் அறிஞர்கள் தங்கள் சர்க்காரின் சொல்லைத் தவிர வேறு சொல்லைக் கேளாமல் கையெழுத்திட்டனர். 1933-க்குப் பின் மாறான சொல்லைச் சொல்வாரையே நாட்டினின்று துரத்தினர். பிழையைக் காட்டுவார் இல்லாத தேசம் எங்கே போய் முட்டியது என்பதை உலகம் அறியும். நெர்ன்ஸ்டின் நியதி சாதாரணமான இந்த உண்மையை நமக்கு வோல்ட் கணக்கில் காட்டுகிறது. தன் குற்றத்தைத் தான் காண விரும்பும் சமூகம், தன்னைச் சாராத ஓர் அளவையை எப்போதும் கைக்கொண்டிருக்க வேண்டும். அந்த அளவையைத் தருவது கட்டுப்பாடற்ற விமரிசனமே.

நம் இளைஞர்கள் இவ்வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டிய செய்தி இன்னும் ஒன்று உண்டு. இன்று நம் தேசத்தில் மோட்டார் வண்டிகள் லக்ஷக் கணக்கில் செய்யப்படுகின்றன. மகிழத்தக்கதே. ஆனால் பிறர் கண்ட கருவியைப் பிறர் சொன்ன முறையில் பூட்டுவதோடு நாம் திருப்தியடைந்துவிட்டால், கருவி மாறும்போதெல்லாம் மீண்டும் பிறர் வாயிலில் நிற்க நேரும். நெர்ன்ஸ்ட் விளக்கைச் செய்ததோடு நில்லாமல், அது எரிவதன் காரணத்தைத் தேடினார். விளக்கின் உரிமையை விற்றுப் பெற்ற 10 லக்ஷம் மார்க் செலவாயிற்று, விளக்கும் அணைந்தது. காரணத்தை அறிந்த அறிவோ, அவர் மறைந்து 35 ஆண்டுகளுக்குப் பின், இன்னொரு தேவைக்கு வந்து உதவிற்று. பட்டறையில் திருகு திருப்பும் தொழிலாளியும், கலாசாலையில் பாடம் கேட்கும் மாணவனும் ஏன் என்ற அவ்வினாவைத் தம் வழக்கமாக்கிக்கொள்வார்களாயின், அதுவே அப்பேரறிஞருக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதையாகும்.